எல்லோரும் பிஸி, ஆர்டர் மட்டும் லேட்: ஆள் சேர்க்கலாமா?

கேள்வி: எங்கள் அச்சகத்தில் 11 பேர் வேலை செய்கிறோம். யாரும் சும்மா உட்காருவதில்லை. தினமும் சுமார் 6 வேலை வருகிறது, 6 முடிகிறது. ஆனாலும் எந்த ஆர்டரும் 10 நாளுக்கு முன்னால் வெளியே போவதில்லை. 'என் வேலை எந்த நிலையில் இருக்கு?' என்று நாள் முழுக்க ஃபோன். இன்னும் இரண்டு பேரைச் சேர்க்கலாமா, இல்லை வேலையைக் கண்காணிக்க ஒரு சாஃப்ட்வேர் வாங்கலாமா?

பதில்: இரண்டையும் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள். முதலில் ஒரு வேலையின் பின்னாலேயே நடந்து பாருங்கள். ஆட்களின் பின்னால் போகவேண்டாம். ஆட்களைப் பார்த்தால் எல்லோரும் ஓடிக்கொண்டுதான் இருப்பார்கள்.

ஜாப் கார்டில், அதாவது ஒவ்வொரு வேலையோடும் கூடவே போகும் அட்டையில், ஒவ்வொரு மேஜையிலும் மூன்று நேரம் குறிக்கச் சொல்லுங்கள்: வந்து சேர்ந்தது எப்போது, கையில் எடுத்தது எப்போது, முடித்தது எப்போது. இரண்டு வாரம் போதும். கார்டு ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்: திங்கள் காலை டிசைனுக்கு வந்தது, செவ்வாய் மதியம் எடுத்தார்கள், ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தது. புரூஃப் (ஒப்புதலுக்கு அனுப்பும் மாதிரி) போய் இரண்டு நாள் வாடிக்கையாளரிடம் கிடந்தது. பிரிண்டிங் 40 நிமிடம். அப்புறம் கட்டிங் மெஷின் பக்கத்தில் மூன்று நாள். மை காய்வதற்கான நேரத்தைத் தவிர்க்க முடியாது, சரி. ஆனால் மூன்று நாளா காயும்? கை பட்ட நேரத்தை எல்லாம் கூட்டினால் சில மணி நேரம்தான் தேறும். மீதி நாளெல்லாம் அந்த வேலை அடுக்கில் தூங்கியிருக்கிறது. ஆளைக் கூட்டினால் அந்தச் சில மணி நேரம்தான் குறையும்.

நீங்கள் கொடுத்த எண்களிலேயே ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. உள்ளே இருக்கும் வேலைகளின் சராசரி எண்ணிக்கையை, ஒரு நாளில் சராசரியாக முடியும் வேலைகளால் வகுத்தால், ஒரு வேலை உள்ளே இருக்கும் நாட்கள் கிடைக்கும். 1961இல் ஜான் லிட்டில் நிரூபித்த விதி இது. தினம் 6 முடிகிறது, 10 நாள் ஆகிறது என்றால் உங்களிடம் எந்த நேரமும் 60 வேலை பாதியில் கிடக்கிறது. இதை 5 நாளாக்க வேண்டுமானால், தினம் 12 முடிக்கவேண்டும். அல்லது உள்ளே 30 மட்டும் இருக்கவேண்டும். முதல் வழி உங்களுக்குக் கைகொடுக்காது. வருவதே 6தானே!

'30ஐ வெளியே நிறுத்தினால் அது ஃபைலில் காத்திருக்குமே, வாடிக்கையாளருக்கு என்ன லாபம்?' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. வெறுமனே நிறுத்தினால் லாபம் கம்மிதான். தேடுவதும் மாற்றி மாற்றிச் செய்வதும் குறையும், அவ்வளவே. அந்த 30ஐ ஒருமுறை கரைத்தாகவேண்டும். தினம் 6க்குப் பதில் 7 வெளியேறினால் 30 வேலைநாட்களில் அது கரைந்துவிடும். பிறகு பழைய 6க்கே திரும்பினாலும் 5 நாள் நிலைத்து நிற்கும், உள்ளே மறுபடி குவியாதவரை. அதனால் ஒன்று வெளியே போனால்தான் இன்னொன்று உள்ளே என்பதைக் கறாராகப் பிடியுங்கள்.

அந்த ஏழாவது வேலை எங்கிருந்து வரும்? குவியல் எங்கே உயரமாக இருக்கிறதோ அங்கிருந்து. மற்ற இடத்தில் எவ்வளவு வேகம் கூட்டினாலும் அந்தக் குவியல்தான் வளரும். அச்சகம் என்றதும் எல்லோரும் பிரிண்டிங் மெஷினைத்தான் சந்தேகப்படுவார்கள். நானும் ஒரு இடத்தில் அப்படி நினைத்து வேகமான மெஷினுக்குச் சிபாரிசு செய்தேன். கட்டிங் பக்கம் அடுக்கு இன்னும் உயர்ந்ததுதான் மிச்சம்.

உங்களுக்கும் கட்டிங்தான் வேலை தேங்கும் இடுக்கு என்று கார்டு சொன்னால், மெஷின் எப்போதெல்லாம் நிற்கிறது என்று ஒருநாள் பக்கத்தில் நின்று பாருங்கள். ஆபரேட்டர் தாளைத் தூக்கி வரப் போயிருப்பார். அதை வேறு யாராவது செய்யலாம். பிளேடு மழுங்கி, சாணை பிடிக்கப் போயிருக்கும். தீட்டிய பிளேடு ஒன்று எப்போதும் தயாராக இருக்கட்டும். ரிஜிஸ்டர் விலகிய (நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் பொருந்தாத) தாள்களை வெட்டிய பிறகு கண்டுபிடித்தால் வெட்டிய நேரமும் வீண், அதனால் சரிபார்ப்பதை வெட்டுவதற்கு முன்னாலேயே வையுங்கள். சாப்பாட்டு நேரத்தில் மெஷின் நிற்காமல் இருக்க இன்னொருவரைப் பழக்கலாம். ஆனால் முறையாகக் கற்றுக்கொள்ளாதவரை அந்த மெஷினில் நிறுத்தாதீர்கள், விரல் போய்விடும்.

மற்றவர்கள் அவ்வப்போது சும்மா இருப்பார்கள். முதலாளிகளுக்கு உறுத்துவது இதுதான். ஆனால் வேலை வருவதும் அதற்குப் பிடிக்கும் நேரமும் முன்பின்னாக இருக்கும் இடத்தில், ஆளை முழுக்க நிரப்பிவைத்தால் வரிசை தாறுமாறாக நீளும். எளிய வரிசைக் கணக்கின்படி, சராசரியாக ஒரு மணி நேரம் பிடிக்கும் வேலைகளைச் செய்பவர் 80 சதவீதம் பிஸி என்றால் வேலை சராசரியாக 4 மணி நேரம் காத்திருக்கும். 90 சதவீதத்தில் 9 மணி நேரம், 95இல் 19. சும்மா இருப்பவரைப் பார்த்துப் புது வேலையை உள்ளே தள்ளாதீர்கள். பைண்டிங்கில் கை கொடுக்கட்டும், ஜாப் கார்டுகளைச் சரிபார்க்கட்டும்.

அர்ஜென்ட் ஆர்டர்களுக்கு அந்த 30இல் ஒரு இடம், ஒரே ஒரு இடம் ஒதுக்குங்கள். அது காலியாக இருந்தால் மட்டும் 'சரி' சொல்லுங்கள். புரூஃப் ஒப்புதல் வராத எதையும் அடுத்த மேஜைக்கு அனுப்பவேண்டாம். தேதி கணக்கு ஒப்புதல் வந்த நாளிலிருந்துதான் தொடங்கும் என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

சாஃப்ட்வேர் பற்றி: 60 வேலை கிடக்கும்போது வாங்கினால், அதை நிரப்பவே ஒரு ஆள் தேவைப்படும். 30க்கு வந்த பிறகு சுவரில் ஒரு போர்டு மாட்டி, ஜாப் கார்டுகளைக் கட்டம் கட்டமாக நகர்த்திப் பாருங்கள். அது போதாமல் போனால் அப்போது எழுதுங்கள், எதை வாங்குவது என்று பேசலாம். ஆள் சேர்ப்பதானால் கட்டிங்குக்கு மட்டும், அதுவும் மேலே சொன்னதையெல்லாம் செய்து பார்த்த பிறகும் அடுக்கு குறையவில்லை என்றால்.