செம்பூரில் பழைய ஃபிளாட்: பார்க்கிங்கும் சேர்ந்து வருமா?

வராது. மும்பை செம்பூரில் பழைய ஃபிளாட் வாங்கும்போது பார்க்கிங்குக்கென்று விற்றவருக்குத் தனியாகப் பணம் கொடுத்திருந்தாலும், திறந்தவெளி பார்க்கிங் உங்களுக்குச் சொந்தமாகாது. "இடம் வேண்டுமென்றால் குலுக்கலுக்கு வாருங்கள்" என்று சொசைட்டி (ஃபிளாட்காரர்களின் வீட்டுவசதிச் சங்கம்) செகரட்டரி உங்களிடம் சொன்னது முறைதான், எரிச்சலாக இருந்தாலும்.

விற்றவர் கையில் இருந்தது பெரும்பாலும் சொசைட்டி கொடுத்த ஒதுக்கீட்டுக் கடிதமாக இருக்கும். அது வண்டி நிறுத்த அனுமதி, அவ்வளவுதான். தஹிசர் பாஞ்சாலி சொசைட்டி வழக்கில் 2010-இல் உச்ச நீதிமன்றம், திறந்தவெளியையும் ஸ்டில்ட் இடத்தையும் (கட்டடத்துக்கு அடியில் தூண்களுக்கு நடுவே இருப்பது) பில்டரே தனியாக விற்க முடியாது என்று சொல்லிவிட்டது. பில்டருக்கே இல்லாத உரிமை இவருக்கு எங்கிருந்து வரும்? 2016 ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை) சட்டத்திலும் திறந்தவெளி பார்க்கிங் பொது இடம்தான்.

ஒன்று மட்டும் பாருங்கள். பில்டரிடம் முதலில் வாங்கியவரின் பதிவு செய்த அக்ரிமெண்டில் மூடிய பார்க்கிங் அல்லது கராஜ் என்று எண்ணோடு இருக்கிறதா? இருந்தால் கதை வேறு. அந்த நகலோடு வக்கீலைப் பாருங்கள்.

இல்லையென்றால், குலுக்கலையே எழுத்தில் கேளுங்கள். வண்டிகள் இடத்தைவிட அதிகமானால் வருடா வருடம் குலுக்கல் என்பது மகாராஷ்டிர அரசு சொசைட்டிகளுக்குத் தந்திருக்கும் மாதிரி துணைவிதி (சொசைட்டியை நடத்தும் உள்விதி). கமிட்டிக்காரர்களின் கார்களும் அதில் சேர வேண்டும். பல இடங்களில் சிக்கலே அங்கேதான். உங்கள் சொசைட்டி பதிவு செய்த துணைவிதியில் மாற்றம் இருக்கலாம், நகல் வாங்கிப் படித்துவிடுங்கள்.

அப்புறம் அந்தப் பணம். வங்கி வழியாகக் கொடுத்திருந்தால் விற்றவரிடம் திருப்பிக் கேட்க ஆதாரம் இருக்கிறது. ரொக்கம் என்றால் பேசித்தான் பார்க்க வேண்டும்.