வீட்டுக்கு 35 புள்ளி

அன்புள்ள அக்காவுக்கு,

முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒரு பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். வீடு ஒட்டுசுட்டான் பக்கம். இவர் முத்தையன்கட்டுக் குளத்துத் தண்ணீரில் நாலு ஏக்கர் வயல் செய்கிறார். மகளுக்கு ஒன்பது வயது, மகனுக்கு நாலு. மாமியும் எங்களோடுதான் இருக்கிறா.

போன வருடம் கல்வி முதுமாணிக்குப் பதிந்தேன். சனி, ஞாயிறு யாழ்ப்பாணத்தில் விரிவுரை. சனிக்கிழமை விடிய நாலு மணிக்கு எழும்பிப் புட்டு அவித்து வைத்துவிட்டு, மாங்குளத்துக்குப் போய் அங்கே பஸ் மாறி, ஒன்பது மணிக்குள் வகுப்பில் இருக்க வேணும். இரவு சித்தி வீட்டில் தங்கி, ஞாயிறு இருட்டினாப் பிறகுதான் வீட்டுக்கு வருவேன். திங்கள் காலை பாடசாலை.

முதல் அரையாண்டில் ஒரு விரிவுரையாளர் கிழமைக்கு ஒரு பிரதிபலிப்புக் குறிப்பு எழுதச் சொன்னார். வகுப்பறையில் நடந்த ஒன்றை எடுத்து, என்ன நடந்தது, என்ன உணர்ந்தேன், அடுத்த முறை என்ன செய்வேன் என்று எழுதுவது. நல்ல பழக்கமாகத்தான் இருந்தது. அந்தப் பாடம் முடிந்துவிட்டது, நான்தான் விடவில்லை. ஒரு சீஆர் கொப்பியில் வேலை, படிப்பு, வீடு என்று மூன்று தலைப்புப் போட்டு, ஞாயிறு இரவு எல்லாரும் படுத்த பிறகு எழுதுகிறேன். கொஞ்ச நாளில் புள்ளியும் போடத் தொடங்கினேன். ஆசிரியப் புத்தி. கடைசியாக எழுதியதை அப்படியே தருகிறேன்:

"இந்தக் கிழமையும் தோல்வி. மாமியின் பிரஷர் குளிசை வியாழனோடு முடிந்ததைக் கவனிக்கவில்லை. ஒப்படை பாதியில் நிற்கிறது. தம்பியைத் தூக்கி வைத்திருந்த ஞாபகமே இல்லை. வேலை 60. படிப்பு 45. வீடு 35."

எழுதி மூடினால் நித்திரை வராது. ஒரு மணி, இரண்டு மணி வரைக்கும் முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன்.

போன கிழமை மகள் அந்தக் கொப்பியைக் கண்டுவிட்டாள். எழுத்தெல்லாம் வாசித்தாளோ தெரியாது, புள்ளிகளை வாசித்திருக்கிறாள். "அம்மா, வீட்டுக்கு ஏன் 35? நானும் தம்பியும் குழப்படி செய்யிறதாலயோ?" என்று கேட்டாள். எனக்கு வாய் எழும்பவில்லை. அது ஸ்கூல் வேலை என்று பொய் சொல்லி, கொப்பியை அலுமாரிக்கு மேலே எறிந்துவிட்டேன்.

இவர் கெட்ட மனிதர் இல்லை. ஆனால் இப்போது அரிவு வெட்டு நேரம். வெட்டு மெசின் இன்றைக்கு வருமா நாளைக்கு வருமா என்று வயலுக்கும் ரோட்டுக்கும் ஓடித் திரிகிறார். போன சனி நான் வெளிக்கிடும்போது, "வேலை இருக்குது, சம்பளம் வருகுது, இனி என்னத்துக்கு இந்தப் படிப்பு?" என்றார். வீட்டிலும் ரீச்சர் மாதிரித்தான் கதைக்கிறாய் என்று இன்னொரு சொல்.

நான் உயர்தரம் எழுதியது 2009இல், செட்டிகுளம் முகாமுக்குள் இருந்து. இடம்பெயர்ந்த இடமெல்லாம் அம்மா என் சான்றிதழ்களைப் பால்மாப் பைக்கற்றுக்குள் வைத்து நெஞ்சோடு கொண்டு திரிந்தவ. அவ இப்போது இல்லை.

படிப்பை நிறுத்தவா? கொப்பியை எரிக்கவா? மூன்றையும் சமமாகக் கொண்டுபோகிற பெண்கள் எப்படிச் செய்கிறார்கள் அக்கா?

இப்படிக்கு,
ஒரு வன்னி ரீச்சர்


அன்புள்ள தங்கச்சிக்கு,

கொப்பி அலுமாரிக்கு மேலேயே கிடக்கட்டும். முதலில் மகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். அவளுடைய கேள்வி இன்னும் பதில் இல்லாமல்தான் நிற்கிறது. இந்த வயதுப் பிள்ளைகள் வீட்டில் ஏதும் சரியில்லை என்று பட்டால், பெரும்பாலும் தங்களில்தான் பிழை என்று நினைத்துக்கொள்வார்கள். காலையில் தலை பின்னிவிடும்போது சொல்லுங்கள்: "அன்றைக்குக் கண்டியே, அது உங்களுக்குப் போட்ட புள்ளி இல்லை. அம்மா தனக்குப் போட்டது. களைச்சுப்போய் இருந்து பிழையாய்ப் போட்டுட்டன்." அவ்வளவு போதும். முன்னால் இருத்தி வைத்து முகத்தைப் பார்த்துச் சொன்னால் விசாரணை போல ஆகிவிடும். பின்னல் போடும்போது அவளுக்கு உங்கள் முகம் தெரியாது, உங்களுக்கும் அது கொஞ்சம் லேசு.

சரி, இப்போது புள்ளிக்கு வருவோம். எத்தனை கட்டு விடைத்தாள் திருத்தியிருப்பீர்கள்! புள்ளித்திட்டம் இல்லாமல் ஒரு தாளையாவது திருத்தியது உண்டா? "வீடு" என்ற பாடத்துக்கு உங்களிடம் இருக்கிற புள்ளித்திட்டம் எது? நீங்கள் எழுதவில்லை, நான் ஊகிக்கிறேன். அம்மா இருந்த வீடு, மாமி நடத்திய வீடு. அந்த வீடுகளில் ஒருத்தி பகல் முழுக்க முற்றத்திலும் குசினியிலும் நின்றா. அவவுக்குத் திங்கள் காலை எட்டாம் ஆண்டுக்கு மின்சுற்றுப் படிப்பிக்க வேண்டியிருக்கவில்லை, சனி விடிய மாங்குளத்தில் பஸ் மாற வேண்டியிருக்கவில்லை. வேறொரு பரீட்சையின் புள்ளித்திட்டத்தை வைத்து உங்கள் தாளைத் திருத்துகிறீர்கள். (35 என்றாலும் சாதாரண தரத்தில் அது எஸ், சித்திதான். பகிடிக்குச் சொன்னேன்.)

உங்கள் விரிவுரையாளர் சொல்லித்தந்த முறையில் பிழை இல்லை. அவர் சொன்னது பெரும்பாலும் கிரஹாம் கிப்ஸ் 1988இல் எழுதிய சுற்றாக இருக்கும். கல்வி படிப்பவர்களுக்கும் தாதியர்களுக்கும் இதைத்தான் அதிகம் படிப்பிக்கிறார்கள். அதில் ஆறு படிகள்: விபரிப்பு, உணர்வு, மதிப்பீடு, பகுப்பாய்வு, முடிவு, செயற்திட்டம். நீங்கள் அனுப்பிய குறிப்பை இந்த ஆறோடும் வைத்துப் பாருங்கள். "தோல்வி" என்று தொடங்கி "35" என்று முடிகிறது. உணர்விலிருந்து நேராக மதிப்பீட்டுக்குப் போய், அங்கேயே கதவைச் சாத்திவிட்டீர்கள். மிச்ச மூன்று படியும் முகட்டைப் பார்த்துக் கிடக்கிற இரண்டு மணித்தியாலத்துக்குள் போய்விடுகின்றன. அந்த இரவு நேரத்தில் நடப்பது யோசனை இல்லை, அசைபோடுதல். சூசன் நோலன்-ஹோக்செமா என்ற உளவியலாளர் இதைப் பல வருடம் ஆராய்ந்தார். தன் குறையையே திரும்பத் திரும்ப மனதுக்குள் உருட்டுகிறவர்களுக்கு மனச்சோர்வு கூடுகிறது என்பது அவர் கண்டதில் முக்கியமானது.

அந்தக் குளிசையை எடுத்துப் பார்ப்போம். நீங்கள் எழுதியது: "முடிந்ததைக் கவனிக்கவில்லை." இதில் உங்கள் குற்றம் மட்டும்தான் இருக்கிறது, குளிசையைக் காணவில்லை. விபரத்தை ஊகித்து நான் எழுதினால் இப்படி எழுதுவேன்: "மாமியின் குளிசை வியாழன் முடிந்தது. கிளினிக் நாள் அடுத்த செவ்வாய். இடையில் நாலு நாள் குளிசை இல்லாமல் இருந்தா. கிளினிக் கொப்பி என் கைப்பைக்குள் கிடந்தது, வேறு ஒருவருக்கும் அது எங்கே என்று தெரியாது." கடைசி வசனத்தைப் பாருங்கள், அங்கேதான் வழி இருக்கிறது. அந்தக் கொப்பி ஏன் உங்கள் கைப்பைக்குள் இருக்க வேண்டும்? கதவுக்குப் பக்கத்தில் மோட்டார் சைக்கிள் திறப்பு ஒரு ஆணியில் தொங்கும் அல்லவா? அதே ஆணியில் கிளினிக் கொப்பியையும் ஒரு பையில் போட்டுத் தொங்கவிடுங்கள். திறப்பை எடுக்கிறவர் கையில் அதுவும் படும். மகளுக்கு ஒன்பது வயது, மட்டையில் எத்தனை குளிசை மிச்சம் என்று எண்ண அவளுக்குத் தெரியும். பாட்டிக்கும் பேத்திக்கும் அது ஒரு விளையாட்டாகவும் இருக்கும். இதற்குப் பிறகு குறிப்பில் புள்ளி போட என்ன இருக்கிறது?

கணவர் சொன்ன "ரீச்சர் மாதிரி" என்ற சொல்லை மனதில் வைத்துப் புண்படாதீர்கள். 1985இல் கிரீன்ஹாஸ், பியூட்டெல் என்ற இருவர் வேலைக்கும் குடும்பத்துக்கும் இடையில் வருகிற இழுபறியை மூன்றாகப் பிரித்தார்கள். நேரம் போதாததால் வருவது ஒன்று. ஒரு இடத்துக் களைப்பை மற்ற இடத்துக்குக் கொண்டுபோவதால் வருவது இன்னொன்று. ஒரு இடத்தில் சரியாக இருக்கிற நடத்தை மற்ற இடத்தில் பொருந்தாமல் போவது மூன்றாவது. நாற்பது பிள்ளைகளை ஒரு சொல்லில் இருத்துகிற குரல் குசினிக்குள் வந்தால் யாருக்கும் கொஞ்சம் குத்தும். உங்கள் கொப்பியில் எல்லாமே நேரப் பிரச்சினையாகத்தான் எழுதப்படுகிறது. குரலை மாற்ற நேரம் வேண்டாம். பாடசாலையால் வந்து சேலை மாற்றி, ஒரு தேத்தண்ணி குடித்து முடியும்வரை ஒருவரிடமும் ஒன்றும் கேட்காமல் இருந்து பாருங்கள். "ஹோம்வேர்க் செய்தாச்சா" உட்பட.

"என்னத்துக்கு இந்தப் படிப்பு?" என்பதை நான் எதிர்ப்பாக எடுக்கவில்லை. வெட்டு மெசினுக்குக் காத்து நிற்கிற மனிதன், மழை வந்துவிடுமோ என்று வானத்தைப் பார்க்கிற மனிதன் விடிய நாலரை மணிக்குச் சொன்னது அது. நெல்லை ஏற்றி முடித்துக் கையில் காசு வந்த ஒரு பின்னேரம் அதே கேள்வியை நீங்களே அவரிடம் கேளுங்கள். பதில் வேறாக இருந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன். இல்லாவிட்டாலும், அப்போது இருந்து கதைக்கலாம்.

நீங்கள் கேட்ட "சமம்" பற்றியும் அவரிடமே கேட்டிருக்கலாம். நாலு ஏக்கரை அவர் கிழமைக் கணக்கில் மதிப்பிடுகிறாரா? ஐப்பசியில் விதைப்பு, கார்த்திகை மார்கழியில் மழையும் களையும், தையிலும் மாசியிலும் வெட்டு. மார்கழியில் ஒரு கிழமையை மட்டும் எடுத்துப் பார்த்தால் காசு போனதும் உரம் போனதும்தான் தெரியும், ஒரு நெல்மணி வந்திருக்காது. அதற்காக "வயல் 35" என்று அவர் எழுதுவதில்லை. முத்தையன்கட்டு ஒரு மாதம் வான் பாயும், இன்னொரு மாதம் அடி தெரியும். ஒப்படை கொடுக்கிற கிழமையில் வீடு வற்றும். பாடசாலை விடுமுறையில் படிப்பு வற்றி வீடு நிரம்பும். தவணைப் பரீட்சைத் தாள் திருத்துகிற நாட்களில் இரண்டுமே வற்றும். ஒவ்வொரு கிழமையும் எழுதுங்கள், ஆனால் எடை போடுவதைப் போகத்துக்கு ஒரு தடவை வையுங்கள். ஒரு போகம் முழுக்க மகன் மடியில் ஏறவே இல்லை என்றால், அப்போது கவலைப்படுவோம். மூன்றையும் ஒவ்வொரு கிழமையும் சமமாகக் கொண்டுபோகிற பெண் என்னிடம் இதுவரை வந்ததில்லை.

எழுதுகிற நேரத்தையும் மாற்றச் சொல்கிறேன். ஞாயிறு பின்னேரம் பஸ் ஆனையிறவைத் தாண்டும்போது இரண்டு பக்கமும் தண்ணீரையும் வெளியையும் தவிரப் பார்க்க ஒன்றும் இல்லை. போன கிழமையை அங்கே வைத்துப் பாருங்கள். குலுங்குகிற பஸ்சில் எழுத வேண்டாம், போனில் மெதுவாகப் பேசிப் பதியுங்கள். நடந்தது ஒன்று, அதில் யார் கை இருந்தது, அடுத்த கிழமை எதை மாற்றுவது. பரந்தன் வருவதற்குள் முடித்துவிட வேண்டும். இரவு படுக்க முன் பின்னோக்கிப் பார்க்காமல், வரப்போகிற நாட்களில் செய்ய வேண்டியதை மட்டும் ஐந்து நிமிடம் எழுதுங்கள். அமெரிக்காவில் பேய்லர் பல்கலைக்கழகத்தில் 57 இளவயதினரை வைத்து இதைச் சோதித்து 2018இல் வெளியிட்டார்கள். செய்து முடித்ததை எழுதிவிட்டுப் படுத்தவர்களைவிட, செய்ய இருப்பதை எழுதிவிட்டுப் படுத்தவர்கள் சராசரி ஒன்பது நிமிடம் முந்தி நித்திரையானார்கள். பட்டியல் எவ்வளவு விபரமாக இருந்ததோ அவ்வளவு கெதியாக. சின்னச் சோதனைதான், ஒன்பது நிமிடமும் பெரிய விசயம் இல்லை. ஆனால் உங்களுக்கு இழக்க ஒன்றும் இல்லையே.

இப்படிச் செய்தும் இரண்டு கிழமைக்கு நித்திரை வராவிட்டால், சாப்பாட்டிலோ பிள்ளைகளிலோ மனம் செல்லாமல் போனால், மாவட்ட வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குப் போங்கள். பிரதேச செயலகத்து உளவளத்துணை உத்தியோகத்தரிடமும் கதைக்கலாம். வெளிக்கிட முடியாவிட்டால் 1926 என்ற உளநல உதவி இலக்கத்துக்கு அழைக்கலாம். தெரிந்தவர் கண்டால் என்ன நினைப்பார்கள் என்று தயங்காதீர்கள். கண்டவரும் அங்கே ஏதோ ஒன்றுக்குத்தானே வந்திருப்பார்.

படிப்பை நிறுத்துவது பற்றி நான் ஒரு முடிவும் சொல்லப் போவதில்லை. ஒன்றை மட்டும் கவனித்தேன். அம்மாவின் பால்மாப் பைக்கற்று உங்கள் கடிதத்தில் ஒரே ஒரு வரியில் வந்து போகிறது. அதை நான் இங்கே கிண்ட மாட்டேன். ஆனால் இந்த முதுமாணி உங்களுக்கு ஆசையா, அம்மாவுக்கு அடைக்கிற கடனா என்று எனக்குப் பிரித்தறிய முடியவில்லை. இரண்டும் கலந்திருக்கலாம், அதில் தப்பும் இல்லை. ஆசை என்றால் ஒரு அரையாண்டு தள்ளிப் போட்டாலும் மனம் தாங்கும். கடன் என்றால் தள்ளிப் போடுவதை நினைக்கவே பயமாக இருக்கும். இதில் எது உங்களுக்கு வருகிறது என்று பாருங்கள். கால நீடிப்புக் கேட்க என்ன நடைமுறை என்றும் இப்போதே விசாரித்து வையுங்கள், கேட்பதால் படிப்பு நின்றுவிடாது. ஆனால் அரிவு வெட்டும் ஒப்படையும் ஒன்றாக வந்து நிற்கிற இந்த மாசியில் முடிவு எடுக்க வேண்டாம். நெல் காயட்டும்.

கொப்பியை எரிக்கவும் வேண்டாம். புள்ளி போட்ட ஒற்றைகளை மட்டும் கிழித்துவிட்டு, மிச்சத்தை மகளிடம் குளிசைக் கணக்கு எழுதக் கொடுங்கள். சித்திரை விடுமுறையில் நேரம் கிடைத்தால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள், தலை பின்னும்போது அவள் என்ன சொன்னாள் என்று.

அன்புடன்,
அக்கா