கிருஷ்ணகிரியில் சிறிய கார் வாங்கினால் வரி மட்டும் எவ்வளவு? இறக்குமதித் தடைகளும் விலையை ஏற்றுகின்றனவா?

வரிக்கு முந்தைய கம்பெனி விலை 5 லட்சம் என்று வையுங்கள். 18 சதவீத ஜிஎஸ்டி 90,000 ரூபாய். 2025 செப்டம்பர் 22க்கு முன் 28 சதவீதமும் அதன்மேல் செஸ் என்ற கூடுதல் வரியும் இருந்தன. இப்போது கம்பெனி விலையும் ஜிஎஸ்டியும் சேர்ந்து 5.90 லட்சம். அதன்மேல் 13 சதவீத சாலை வரி, 76,700. வரிக்கும் வரி கட்டுகிறோம்! கிருஷ்ணகிரியின் டிஎன் 24 பதிவுப் பலகை மாட்டுவதற்குள் 1,66,700 ரூபாய் போய்விடுகிறது, காப்பீடு தனி. பெங்களூரில் பதிவு செய்யலாமே என்பார்கள் ஓசூர்க்காரர்கள் சிலர். சிறிய காருக்கு அங்கே சாலை வரி இன்னும் கூடுதல்.

இறக்குமதிக்கான சுங்கவரி, சிறிய கார் வாங்கும் கிருஷ்ணகிரி மாங்காய் வியாபாரி ஒருவரை நேராகத் தொடாது. அவர் வாங்குவது இங்கே தயாரான கார். ஆனால் ஜப்பானின் பழைய கார்கள் மலிவாக வந்து இறங்க வழியில்லாததால், உள்ளூர் கம்பெனிகளுக்கு விலையைக் குறைக்க அவசரமில்லை. ஓசூரின் உதிரிபாகத் தொழிற்சாலைகள் பிழைப்பதற்கும் அதே பாதுகாப்பு ஒரு காரணம் என்பதையும் மறுக்க முடியாது.