மெட்டு இல்லாத இசையைச் சினிமாவுக்கு ஏன் கேட்கிறார்கள்?

மெட்டைவிடச் சூழலை முன்வைக்கும் 'ஆம்பியன்ட்' இசையைச் செய்த ஆங்கிலேய இசைக்கலைஞர் பிரையன் ஈனோவைப் பற்றித்தான், இயக்குநர்கள் ஏன் அவரைத் தேடிப் போகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் பென்னாகரத்துக்காரன். மேய்ச்சலிலிருந்து திரும்பும் மாடுகளின் கழுத்துமணியைக் கேட்டிருப்பீர்கள். ஒவ்வொன்றும் தன் போக்கில் ஒலிக்கும். ஒருமுறை வந்த கோர்வை மறுபடி வராது. 1970-களின் இறுதியில் வந்த ஈனோவின் 'மியூசிக் ஃபார் ஏர்போர்ட்ஸ்' இசைத் தொகுப்பிலும் அதே வேலைதான். முனைகளை ஒட்டி வளையமாக்கிய, வெவ்வேறு நீளமுள்ள ஒலிநாடாக்களில் சில சுரங்களைப் பதிந்து, ஒன்றாகச் சுழலவிட்டார்.

1973-இல் ராக்சி மியூசிக் என்ற ராக் குழுவை விட்டு வந்தவர் அவர். 1975-இல் விபத்தில் அடிபட்டுப் படுத்திருந்தபோது, ஹார்ப் (யாழ் போன்ற நரம்புக் கருவி) இசைத்தட்டு மிகமிக மெல்ல ஓடியது. எழுந்துபோய் ஒலியைக் கூட்ட முடியவில்லை. மழைச் சத்தத்தோடு கலந்து கேட்ட அந்த இசையிலிருந்துதான் அவருடைய இந்த வகை இசை தொடங்கியது. எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

அப்பல்லோ நிலவுப் பயண ஆவணப்படத்துக்குத் தம்பி ரோஜர், கனடா இசைக்கலைஞர் டேனியல் லான்வா இருவரோடும் செய்த இசை 1983-இல் தொகுப்பாக வந்தது. படம் 1989-இல்தான் வெளியானது. பிறகு 2009-இல் வந்த 'தி லவ்லி போன்ஸ்' படத்துக்கும் அவர்தான் இசை.

இப்போது அழு, இப்போது பயப்படு என்று இந்த இசை சொல்வதில்லை. காட்சிக்கு இடம் விடுகிறது. இயக்குநர்கள் தேடி வருவது அதற்காகத்தான். மாலையில் ஜன்னலைத் திறந்துவைத்து, ஒலியைக் குறைத்துக் கேட்டுப் பாருங்கள்.