புது ஹெச்எம் மேல ஊரே கோபமா இருக்கு, பெத்தவங்க நாங்க என்ன செய்யலாம்?

உங்க ஊர் அரசு மேல்நிலைப் பள்ளிக்குப் புதுசா வந்த ஹெச்எம் காலைல லேட்டா வர்ற பிள்ளைங்கள வெளியவே நிறுத்துறாரு, விளையாட்டு பீரியட எடுத்துட்டு கணக்கு கிளாஸ் வைக்கிறாரு, ஒன்பதாவது பிள்ளைங்க சில பேரோட அப்பா அம்மாவக் கூப்பிட்டு டிசி வாங்கிக்கங்கன்னு சொல்றாருன்னு கேள்வியில எழுதியிருக்கீங்க. தயவுசெஞ்சு இந்த மூணையும் ஒரே மூட்டையா கட்டாதீங்க. முதல் ரெண்டும் பேசித் தீர்க்கற விஷயம். மூணாவது அப்படி இல்ல, அது ஒரு பிள்ளையோட வாழ்க்கை.

நான் தஞ்சாவூர் பக்கம் ஒரு ஊர்ல பள்ளி மேலாண்மைக் குழுவுல பெற்றோர் உறுப்பினர். எங்களுக்கும் இதே கதைதான் நடந்துச்சு. பழைய ஹெச்எம் ரொம்ப வருஷம் இருந்தவரு, எந்தப் பிள்ளை எந்தத் தெருன்னு வரைக்கும் தெரியும், அவரு ரிட்டயர் ஆனதும் கவுன்சிலிங்ல வேற மாவட்டத்துலேர்ந்து புதுசா ஒருத்தர் வந்தாரு. வந்த மாசமே கேட்டுக்குப் பூட்டு. எங்க பக்கத்துக் கிராமத்துப் பிள்ளைங்களுக்கு காலைல ஒரே ஒரு டவுன் பஸ்தான், அது லேட்டானா அவங்க என்ன பண்ணுவாங்க? இத கூட்டத்துல சொன்னோம், பஸ்ல வர்ற பிள்ளைங்களுக்கு மட்டும் தளர்த்திக்கிட்டாரு, முடிஞ்சு போச்சு. இன்னொண்ணும் சொல்லணும், டீச்சர்மார் நேரத்துக்கு வரணும்னு அவரு கறாரா நின்னது எனக்குச் சரின்னுதான் பட்டுச்சு. ஊர்ல கிளம்பின கோபத்துல கொஞ்சம் ஸ்டாஃப் ரூம்லேர்ந்து வந்ததுங்கறது போகப் போகத்தான் தெரிஞ்சுது, உங்க ஊர்லயும் யாரு என்ன காரணத்துக்கு வாட்ஸ்அப் குரூப்புல தூண்டி விடுறாங்கன்னு ஒரு கண்ணு வச்சுக்கங்க.

ஆனா டிசி விஷயம் வந்தப்ப எனக்குத் தூக்கமே வரல. அரையாண்டுப் பரீட்சை முடிஞ்சதும் மார்க் கம்மியா எடுத்த பிள்ளைங்க வீட்டுக்கு ஆள் விட்டு, உங்க பையன் பத்தாவது பாஸ் பண்ண மாட்டான், இப்பவே ஐடிஐல சேத்துருங்க, இல்லன்னா தனியா பணம் கட்டிப் பரீட்சை எழுதட்டும்னு சொல்லியிருக்காங்க. பாதிப் பேரு கூலி வேலைக்குப் போறவங்க, வாத்தியார் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு கையெழுத்துப் போட்டுட்டாங்க.

இது ஏன் ஒன்பதாவதுல நடக்குதுன்னு புரிஞ்சுக்கணும். 2009 கல்வி உரிமைச் சட்டப்படி எட்டாவது முடிக்கற வரைக்கும் எந்தப் பிள்ளையையும் பள்ளிக்கூடத்த விட்டு வெளியேத்த முடியாது. நம்ம ஊர்ல எட்டு வரைக்கும் ஃபெயிலும் கிடையாது. அதனால வாசிக்கவே தடுமாறுற பிள்ளை கூட ஒன்பதாவதுக்கு வந்துடும், அங்க அந்தச் சட்டப் பாதுகாப்பு முடிஞ்சுடும், அடுத்த வருஷம் பத்தாவது பப்ளிக் எக்ஸாம் நிக்கும். ரிசல்ட் வந்ததும் சிஇஓ, அதாவது மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலர், ஆபீஸ் மீட்டிங்ல ஒவ்வொரு பள்ளியோட தேர்ச்சி சதவீதத்தையும் படிப்பாங்க, குறைஞ்ச பள்ளி ஹெச்எம் எல்லார் முன்னாடியும் எழுந்து நின்னு பதில் சொல்லணும். அந்த அழுத்தம் எனக்குப் புரியுது. ஆனா நூறு சதவீதம்னு போர்டு வைக்கறதுக்காக வாசலிலேயே பிள்ளைங்களக் கழிச்சுட்டா அது தேர்ச்சியே இல்ல, அத எந்தக் காரணம் சொன்னாலும் என்னால ஏத்துக்க முடியாது.

அந்தப் பிள்ளை என்னத்த இழக்குதுன்னு பாருங்க. ஆறாவதுலேர்ந்து பன்னெண்டாவது வரைக்கும் அரசுப் பள்ளியில படிச்ச பொண்ணுக்கு காலேஜ் போறப்ப புதுமைப் பெண் திட்டத்துல மாசம் 1000 ரூபா. மெடிக்கல் சீட்டுல 7.5 சதவீத உள் ஒதுக்கீடும் அப்படிப் படிச்சவங்களுக்குத்தான். நடுவுல படிப்ப விட்டுட்டா இதெல்லாம் போச்சு. பொம்பளப் பிள்ளைன்னா வீட்டுல கல்யாணப் பேச்சு ஆரம்பிச்சுடும், பையன்னா திருப்பூருக்கு பஸ் ஏறிடுவான்.

எங்க ஊர்ல பசங்க பள்ளிக்கூடத்துக்குப் பூட்டுப் போடுவோம், ரோட்டுல உக்காருவோம்னு கிளம்பினாங்க. நாங்க சில பேரு வேணாம்னு நின்னோம், ஏன்னா மறியல் பண்ணினா பேப்பர்ல வரும், ஹெச்எம்ம மாத்துவாங்க, டிசி வாங்கின பிள்ளை வீட்டுலயேதான் இருக்கும். அதுக்குப் பதிலா மேலாண்மைக் குழுவக் கூட்டினோம். சட்டப்படி அந்தக் குழுவுல முக்கால்வாசி பேரு பெற்றோர், பாதிப் பேரு பெண்கள், எங்க தலைவியே ஒரு பிள்ளையோட அம்மாதான். ஹெச்எம்மும் அதுல உறுப்பினர், அதனால உங்களுக்கு இதுல என்ன வேலைன்னு அவரால கேக்க முடியாது. தலைவி அக்கா அன்னைக்கு சத்தமே போடல, எந்தெந்தப் பிள்ளைக்கு டிசி குடுத்தீங்க, பெத்தவங்களா கேட்டாங்களா நீங்களா சொன்னீங்களா, அத மட்டும் நோட்டுல எழுதிக் கையெழுத்துப் போடுங்க சார்னு கேட்டாங்க. அவரு எழுதல, ஆனா அந்தக் கேள்விய நாங்க தீர்மானமா எழுதி நகல மாவட்டக் கல்வி அலுவலருக்கும் சிஇஓவுக்கும் ரிஜிஸ்டர் தபால்ல அனுப்பினோம். விசாரணைக்கு ஆள் வந்தாங்க. டிசி வாங்கினதுல பெரும்பாலான பிள்ளைங்க திரும்ப வந்துட்டாங்க. எல்லாரும் வரல.

ஹெச்எம் அந்தக் கூட்டத்துல ஒண்ணு சொன்னாரு, அதுல நியாயம் இருந்துச்சு. கணக்கு டீச்சர் போஸ்ட் காலியா இருக்கு, நான் என்ன பண்றதுன்னு கேட்டாரு. காலிப் பணியிடத்துக்கு அரசு அனுமதி குடுத்தா மேலாண்மைக் குழு மூலமா தற்காலிக ஆசிரியர் போட்டுக்கலாம், பட்டதாரி ஆசிரியருக்கு மாசம் 15 ஆயிரம், முதுகலைன்னா 18 ஆயிரம்னு தொகுப்பூதியம். அதையும் தீர்மானத்துலயே சேர்த்துக் கேட்டோம், பக்கத்து ஊர்லயே பிஎட் முடிச்ச ஒரு பொண்ணு வந்துச்சு. கணக்குக்கு ஆள் வந்ததும் விளையாட்டு பீரியடும் திரும்பக் கிடைச்சுது. அதனால மனுவுல வெறும் குறை மட்டும் எழுதாதீங்க, பள்ளிக்கு என்ன இல்லைங்கறதையும் எழுதுங்க.

உங்க ஹெச்எம் டிசி விஷயத்த மறுத்தாருன்னா ஆர்டிஐ, அதாவது தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல மனு, போடுங்க, 10 ரூபாதான், 30 நாள்ல பதில் வரணும். போன வருஷம் ஜூன்ல ஒன்பதாவதுல எத்தன பேரு, இந்த வருஷம் ஜூன்ல பத்தாவதுல எத்தன பேரு, நடுவுல டிசி போன தேதி என்ன, இவ்வளவு கேட்டாப் போதும், பிள்ளைங்க பேரு கேக்காதீங்க. போன் பண்ணணும்னா பள்ளிக் கல்வித் துறையோட உதவி எண் 14417 இருக்கு, திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் மனு நாள் இருக்கு, ஆனா தீர்மான நகல் கையில இல்லாமப் போனா பத்தோட பதினொண்ணாதான் வாங்கி வைப்பாங்க.

ஹெச்எம்ம மாத்தணும்னு மனுவுல எழுதணுமான்னு கேட்டிருந்தீங்க. இப்ப வேணாம். மாறுதல்னு எழுதினா விசாரணை அந்த மனுஷனப் பத்தி ஆயிடும், டிசி பின்னால போயிடும். முதல்ல பிள்ளைங்கள உள்ள கொண்டு வாங்க. ஏற்கனவே கையெழுத்துப் போட்டுக் குடுத்த பெத்தவங்க வீட்டுக்கு நீங்களே நேர்ல போய்ப் பேசுங்க, எங்க விருப்பத்துல கேக்கல, பிள்ளை அங்கேயே படிக்கட்டும்னு அவங்க கைப்பட ஒரு கடுதாசி வாங்கித் தீர்மானத்தோட இணைச்சுடுங்க. முழுப் பரீட்சை வரைக்கும் காத்துட்டு இருக்காதீங்க, லீவு விட்டுட்டா பாதிக் குடும்பம் வேலைக்கு வெளியூர் போயிடும், அப்புறம் கையெழுத்து வாங்க ஆள் கிடைக்காது.