பிஎஸ்பியில் வைஃபை கிடைக்கிறது, தளங்கள் திறக்கவில்லை: பதில்

சோனியின் கையடக்க கேம் கருவியான பிஎஸ்பி 3000-இல் வைஃபை சோதனை வெற்றி என்று வருகிறது, ஆனால் எந்தத் தளத்தைத் திறந்தாலும் சான்றிதழ் பிழை காட்டுகிறது என்று எழுதியிருந்தீர்கள். கருவி பழுதில்லை, கவலை வேண்டாம். ரவுட்டரையும் மாற்றத் தேவையில்லை.

பிஎஸ்பிக்கு உலாவி வந்தது 2005-இல், 2.00 ஃபர்ம்வேரோடு (கருவியை இயக்கும் உள்மென்பொருள்). இன்றைய தளங்கள் பெரும்பாலும் டிஎல்எஸ் என்ற பாதுகாப்பு இணைப்பு முறையின் 1.2 பதிப்பு அல்லது அதற்கு மேல்தான் ஏற்கின்றன. அந்தப் பழைய உலாவிக்கு அது தெரியாது, அதனால் பக்கம் வருவதற்கு முன்பே இணைப்பு முறிகிறது. பிஎஸ்பியின் அமைப்புகளை மட்டும் மாற்றி இதைச் சரிசெய்ய முடியாது.

வழி இருக்கிறது. வீட்டுக் கணினியில் வெப்ஒன் என்ற இலவச ப்ராக்ஸியை (இடையில் நின்று பக்கங்களை வாங்கித் தரும் நிரல்) ஓடவிடுங்கள். பிஎஸ்பியின் நெட்வொர்க் அமைப்பில் ப்ராக்ஸி முகவரியாக அந்தக் கணினியின் ஐபி முகவரியையும் வெப்ஒன்னின் போர்ட் எண்ணையும் கொடுங்கள். பாதுகாப்பான இணைப்பைக் கணினி பார்த்துக்கொள்ளும். பிஎஸ்பிக்கு மறையாக்கம் இல்லாத சாதாரண எச்டிடிபி பக்கமாக வந்து சேரும். கணினி இல்லையென்றால் ஃப்ராக்ஃபைண்ட் என்ற தேடல் தளத்தை எச்டிடிபி முகவரியில் திறந்து பாருங்கள், பழைய உலாவிகளுக்காகவே செய்தது, வெறும் எழுத்தாகத் தரும்.

அப்புறம், பிஎஸ்பியின் மொத்த நினைவகமே 64 எம்பிதான். கனமான பக்கத்தில் நினைவகம் போதவில்லை என்று நின்றால் ஜாவாஸ்கிரிப்டை அணைத்துவிடுங்கள். கடவுச்சொல் எதையும் மட்டும் பிஎஸ்பியில் தட்டாதீர்கள். ப்ராக்ஸி வழியில் அது உங்கள் வைஃபைக்குள் மறையாக்கம் இல்லாமல்தான் போகும்.