ஸ்டெப்னி மாறிவிட்டது, டோல் கழிந்துவிட்டது!

(கார் சர்வீஸ் சென்டர்களில் 22 ஆண்டுகள் ஜாப் கார்டு, அதாவது வண்டியை வாங்கும்போது அதன் நிலையையும் வேலையையும் குறிக்கும் சீட்டு, எழுதி ஓய்வு பெற்றவர் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: ஐயா, கிளட்ச் மாற்றுவதற்காக என் காரை ஒரு பட்டறையில் நான்கு நாள் விட்டிருந்தேன். மூன்றாம் நாள் இரவு 11.20க்கு போனில் ஒரு மெசேஜ். கொடைரோடு டோலில் ஃபாஸ்டேக் பணம் கழிந்திருக்கிறது. விடியற்காலை 4 மணிக்கு இன்னொன்று. கேட்டால் "டெஸ்ட் டிரைவ் மேடம்" என்கிறார்கள். வீட்டுக்கு வந்து டிக்கியைத் திறந்தால், தரையையே தொடாத ஸ்டெப்னி இருந்த இடத்தில் வழுக்கை டயர். ஜாப் கார்டில் "பொருட்களுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல" என்று அச்சடித்திருக்கிறது. இனி நான் செய்வதற்கு ஏதாவது இருக்கிறதா?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: ராத்திரி டோல் தாண்டிப் போய் விடியலில் திரும்பி வரும் டெஸ்ட் டிரைவை என் அனுபவத்தில் நான் பார்த்ததில்லை அம்மா. கிளட்ச் மாற்றினால் ஓட்டிப் பார்க்கத்தான் வேண்டும். ஒரு மேடு, கொஞ்சம் டிராஃபிக், நாலு தடவை ரிவர்ஸ். பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்குள் தெரிந்துவிடும். உங்கள் வண்டியில் யாரோ சொந்த வேலைக்குப் போய் வந்திருக்கிறார்கள்.

அந்த இரண்டு மெசேஜையும் அழித்துவிடாதீர்கள். நாளும் நேரமும் டோல் பெயரும் அதிலேயே இருக்கிறது. ஜாப் கார்டில் எழுதிய கிலோமீட்டருக்கும் டெலிவரி எடுத்தபோது இருந்த கிலோமீட்டருக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று பாருங்கள். ஸ்டெப்னிக்கும் ஒரு வழி இருக்கிறது. டயரின் பக்கவாட்டில் டிஓடி (DOT) என்று தொடங்கும் எழுத்து வரிசையின் கடைசியில் நான்கு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. 3521 என்றால் 2021ஆம் ஆண்டின் 35ஆவது வாரம். புது வண்டியோடு வந்த ஸ்டெப்னியின் இடத்தில், உங்கள் கார் தயாரான ஆண்டுக்குச் சில ஆண்டுகள் முந்தைய எண் போட்ட டயர் இருந்தால், காரைவிட அதன் டயருக்குச் சில வயது கூடுதல் என்று ஆகிறது. அதற்கு அவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

அச்சடித்த அந்த வரியைப் பார்த்துப் பயந்துவிட வேண்டாம். நான் வேலை பார்த்த இடத்துக்கு ஒருமுறை வக்கீல் நோட்டீஸ் வந்தது. அப்போது படித்த பாடம் இது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, நம்பி ஒப்படைத்த பொருளைச் சாதாரண எச்சரிக்கையுள்ள ஒருவர் தன் சொந்தப் பொருளைப் பார்த்துக்கொள்வது போலப் பார்த்துக்கொள்ள வேண்டும் (பிரிவு 151). ஒப்படைத்த காரியத்துக்கு மாறாக அதைப் பயன்படுத்தி, அதனால் சேதம் வந்தால் ஈடு கட்ட வேண்டும் (பிரிவு 154).

முதலில் பட்டறை முதலாளிக்கு எழுத்தில் கேளுங்கள், வாட்ஸ்அப்பில் என்றாலும் சரி. பாதிப் பேர் அத்தோடு டயரைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் கிடையாது. வக்கீலும் கட்டாயமில்லை.

கேள்வி: அடுத்த வாரம் என் வண்டி டிங்கரிங் (நசுங்கிய பாடியைத் தட்டிச் சரிசெய்யும்) வேலைக்குப் போகிறது. விடுவதற்கு முன் என்னென்ன பார்க்க வேண்டும்?
– ஒரு வாசகர், நாமக்கல்

பதில்: முதலில் வண்டியைக் கழுவுங்கள். பட்டறைக்குப் போகிற வண்டியை யாராவது கழுவுவார்களா என்று சிரிக்காதீர்கள். தூசி படிந்த வண்டியில் கீறல் தெரியாது. பட்டறையில் வாட்டர் வாஷ் செய்த பிறகுதான் தெரியும். அப்போது அது பழசா புதுசா என்று சண்டை. நான் தீர்த்து வைத்த பஞ்சாயத்துகளில் பெரும்பாலானவை இதுதான்.

கழுவிய வண்டியைப் பகல் வெளிச்சத்தில் சுற்றி வந்து ஒரே வீடியோவாக எடுங்கள். நம்பர் பிளேட்டில் தொடங்குங்கள். டிக்கியைத் திறந்து ஸ்டெப்னி, ஜாக்கி, வீல் ஸ்பேனர். பானெட்டைத் திறந்து பேட்டரி, அதன் சீரியல் நம்பர் தெரியும்படி. கடைசியாக இன்ஜினை ஸ்டார்ட் செய்து மீட்டரை எடுங்கள். கிலோமீட்டர், பெட்ரோல் அளவு, எந்த எச்சரிக்கை விளக்கும் எரியவில்லை என்பது எல்லாம் ஒரே படத்தில் வந்துவிடும். வேலை முடிந்து ஏர்பேக் விளக்கு எரிந்தால், "முன்பே எரிந்தது சார்" என்று யாரும் சொல்ல முடியாது.

இப்போது என் பழைய தொழில் ரகசியம் ஒன்று. காலை ஒன்பது மணிக்கு இருபது வண்டி வரிசையில் நிற்கும். ஒவ்வொரு கீறலையும் குறிக்க நேரம் ஏது? ஜாப் கார்டில் "பாடி முழுக்க ஸ்க்ராட்ச்" என்று ஒரே வரி எழுதி, கஸ்டமரிடம் கையெழுத்து வாங்கிவிடுவோம். நானும் எழுதியிருக்கிறேன். அதற்குப் பிறகு நாங்கள் எங்கே இடித்தாலும் அது உங்கள் பழைய ஸ்க்ராட்ச்தான். அதனால் அந்த வரி இருந்தால் அடிக்கச் சொல்லுங்கள். "இடது பின்கதவில் ஒரு கீறல்" என்று இடம் குறித்து எழுதட்டும். இதற்காகவே கூட்டமில்லாத நேரத்தில், மதியத்துக்கு மேல், போங்கள்.

எஸ்டிமேட்டிலும் "இதற்கு மேல் போனால் என்னைக் கேட்க வேண்டும்" என்று எழுதி வாங்குங்கள். வேலை செய்தவர் கூலி வரும்வரை வண்டியைப் பிடித்து வைத்துக்கொள்ள மேலே சொன்ன ஒப்பந்தச் சட்டத்தின் 170ஆம் பிரிவில் இடம் இருக்கிறது. பில்லில் தகராறு வந்தால் வண்டி உள்ளே, நீங்கள் வெளியே.

அப்புறம் சாவி. கார் சாவியை மட்டும் கொடுங்கள். வீட்டுச் சாவியோடு கொத்தாகக் கொடுத்துவிட்டுப் போகிறவர்களைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்குப் பதறும். வீட்டு விலாசம்தான் ஜாப் கார்டிலேயே இருக்கிறதே!

கேள்வி: ஒரிஜினல் ஆர்.சி.யை வண்டியிலேயே விட்டு வரலாமா?
– ஒரு வாசகர், திருவாரூர்

பதில்: வேண்டாம். ஜெராக்ஸ் போதும். டிஜிலாக்கரில் இருப்பதே போலீஸ் சோதனைக்குச் செல்லும். இன்ஷூரன்ஸ் சர்வேயர் ஒரிஜினல் கேட்டால் காட்டிவிட்டுக் கையோடு வாங்கி வாருங்கள்.

கேள்வி: என் கணவர் சர்வீஸ் அன்று லீவு போட்டு, நாள் முழுக்க மெக்கானிக் பக்கத்திலேயே நிற்கிறார். இது தேவையா?
– ஒரு வாசகி, ஈரோடு

பதில்: பின்னால் ஒருவர் நின்றுகொண்டே இருந்தால் எந்த மெக்கானிக்குக்கும் கை ஓடாது. பிரித்தபின் ஒரு தடவை, மூட்டுவதற்கு முன் ஒரு தடவை கூப்பிடச் சொன்னால் போதும். கழற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்கி வரச் சொல்லுங்கள். பழைய பிரேக் பேட் தேய்ந்திருக்கிறதா என்று கண்ணாலேயே பார்த்துவிடலாம். இடைப்பட்ட நேரத்தில் அவர் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போகட்டும்.